பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி

ஏடொன்று கைக்கு வந்ததும் முதற்பக்கத்தில் தொடங்கி முறையாகப் படித்துச் செல்வோர் மிகச் சிலரே. பெரும்பாலோர் முதலில் புரட்டித் தேடுவது வினா-விடைப் பகுதியைத்தான். இரவு கண்விழித்துத் தலையங்கம் தீட்டும் ஆசிரியருக்கும், சீர் தளை பிறழாமல் பாப்புனையும் புலவருக்கும் இது இனிக்கும் செய்தியன்று. எனினும் உண்மை அதுவே. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நண்பர் வீடுகளிலும் அப்படித்தான் கண்டிருக்கிறேன்.

இலக்கிய ஏட்டுக்கு இப்பகுதி எதற்கு என்று கேட்பவர் உண்டு. தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், 'கட்டுரை என்பது விருந்து. வினா-விடை என்பது விருந்து முடிந்தபின் மெல்லும் வெற்றிலை' என்று அடிக்கடி சொல்வார். சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்மவரின் இலக்கிய வரலாற்றைப் பார்த்தால் வெற்றிலையே முதலில் வந்திருக்கிறது. விருந்து பிறகுதான் வந்தது.

தமிழில் இஸ்லாமியர் இயற்றியவற்றுள் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா. 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டது. மசலா என்பது வினாவைக் குறிக்கும் 'மஸ்அலா' என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். (சமையற்கட்டின் மசாலாவுக்கும் இதற்கும் உறவில்லை, அது 'மஸாலிஹ்' என்னும் வேறோர் அரபுச் சொல்லின் வழி வந்தது. மாணவர் ஒருவர் இந்நூலைச் சமையல் நூல் என்று எண்ணி நூலகத்தில் தேடிய கதையை நான் கேட்டிருக்கிறேன்.) யூதரின் அறிஞராகிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து ஒன்றன்பின் ஒன்றாக வினாக்களைத் தொடுக்க, அவர்கள் விடை பகர, இறுதியில் கேட்டவர் தெளிவு பெற்று இஸ்லாத்தை ஏற்பதாக அந்நூல் அமைந்திருக்கிறது.

இக்கதையின் பயணம் வியப்புக்குரியது. அரபியில் பிறந்தது, 12ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய அறிஞர் ஒருவரால் இலத்தீனுக்குச் சென்றது, பின்னர்ப் பாரசீகத்தில் வழங்கியது, தமிழுக்கு வந்தது, மலாயிலும் ஜாவானிய மொழியிலும் பாடப்பட்டது. அதில் வரும் செய்திகள் அனைத்தும் ஆதாரமுடையன என்று கொள்வதற்கில்லை. ஹதீஸ் கலையின் உரைகல்லில் தேய்த்தால் நில்லாதன பல. ஆயினும் அதன் வடிவம் இத்தனை கடல்களைக் கடந்து நின்றது. கேட்பவன் ஒருவன், சொல்பவர் ஒருவர், சுற்றிலும் பேசாமல் அமர்ந்து செவிமடுக்கும் கூட்டம் என்ற அந்த அமைப்பு எந்த ஊரிலும் எந்த மொழியிலும் மக்களுக்கு விளங்கியது.

நம் முன்னோர் இவ்வடிவத்தை ஒரு நூலோடு விட்டுவிடவில்லை. நூறு மசலாவில் இளவரசி ஒருத்தி வினாத் தொடுக்கிறாள். இளவரசன் ஒருவன் விடை கூறுகிறான். வெள்ளாட்டி மசலாவில் ஒரு பணிப்பெண் அறிஞர்களின் வினாக்களுக்கெல்லாம் விடையளித்து அவர்களை வாயடைக்கச் செய்கிறாள். கேட்பதற்கும் சொல்வதற்கும் பெண்ணுக்கு உரிமை உண்டு என்பதைப் பாட்டில் ஒப்புக்கொண்ட சமுதாயம் வீட்டில் எந்த அளவுக்கு ஒப்புக்கொண்டது என்பது வேறு செய்தி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

செவிமடுக்கும் அந்தக் கூட்டத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித உருவில் வந்த நிகழ்ச்சியை உமர் (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிவோம். தூய வெள்ளாடை, கருங்கூந்தல், பயணத்தின் புழுதி படியாத மேனி, அவையில் இருந்தோர் எவரும் முன்னர்க் கண்டிராத முகம். நாயகம் (ஸல்) அவர்களின் முழங்காலோடு முழங்கால் சேர அமர்ந்து அவர் இஸ்லாம் எது, ஈமான் எது, இஹ்ஸான் எது என்று கேட்கிறார். விடை கிடைத்ததும், உண்மையே உரைத்தீர் என்று ஒப்புகிறார். கேட்பவரே சரியென்று சொல்வதைக் கண்டு தோழர்கள் திகைக்கின்றனர். அவர் அகன்றபின்தான், வந்தவர் ஜிப்ரீல் என்றும் மார்க்கத்தைக் கற்பிக்கவே வந்தார் என்றும் அவர்களுக்குச் சொல்லப்படுகிறது.

இதைச் சிறு வயதில் மதரஸாவில் ஓதியபோது வானவர் மனித உருவில் வந்த அதிசயம்தான் என் மனத்தில் தங்கியது. வயது ஏறியபின் வேறொன்று தங்கியது. கேட்டவருக்கு விடை தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும். அப்படியாயின் அந்த வினா யாருக்காக எழுந்தது? கேட்காமல் சுற்றி அமர்ந்திருந்தவர்களுக்காகவே. அவர்களுள் சிலருக்கு அவ்வினாக்கள் நெஞ்சில் இருந்திருக்கலாம், கேட்க நாணியிருக்கலாம். சிலருக்கு அப்படி ஒரு வினா உண்டு என்பதே தோன்றாமல் இருந்திருக்கலாம். இறுதி நாளின் நேரம் பற்றிக் கேட்டபோது, கேட்கப்படுபவர் கேட்பவரைவிட அதனை நன்கறிந்தவர் அல்லர் என்னும் பொருளில் விடை வந்தது. தெரியாததைத் தெரியாது என்று அவையில் சொல்லுவதும் அன்றைய பாடத்தில் ஒரு பகுதியாயிற்று.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அச்சு இயந்திரமும் மலிவான அஞ்சலும் வந்த ஊர்களிலெல்லாம் இது வேறு கோலம் பூண்டிருக்கிறது. 1691இல் இலண்டன் மாநகரில் ஜான் டண்டன் என்னும் புத்தக வணிகர் ஓர் ஏட்டைத் தொடங்கினார். ஏதெனியன் மெர்க்குரி என்பது அதன் பெயர். ஒரே தாள், இரு பக்கமும் அச்சு, முழுவதும் வாசகர் வினாவும் அதற்கு விடையுமே. வினாக்களை ஒரு காப்பிக் கடையின் முகவரிக்கு அஞ்சலில் அனுப்பலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. விடை கூறுவோர் ஓர் அறிஞர் கழகம் என்று பறைசாற்றப்பட்டது. உண்மையில் டண்டனையும், கணக்காசிரியர் ஒருவரையும், பாதிரியார் ஒருவரையும் விட்டால் கழகம் என்று சொல்லத்தக்கதாக அங்கே பெரிதாக எதுவும் இல்லை. விளம்பரக் கலை பழமையானது!

ஆனால் வந்து குவிந்த வினாக்கள் மெய்யானவை. காற்று, மழை, பேய், கடன், காதல், திருமணம் என எல்லாவற்றையும் பற்றி எழுதிக் கேட்டார்கள். மனைவியை அடிப்பது முறையா என்னும் வினாவும் அதில் வந்தது. பெண்களிடமிருந்து கடிதங்கள் பெருகவே, அவர்களின் வினாக்களுக்கென்றே தனி இதழ்கள் ஒதுக்கப்பட்டன. ஊர்ப் பாதிரியாரிடம் நேரில் கேட்க இயலாதவற்றை ஒரு காப்பிக் கடையின் முகவரிக்கு எழுத அவர்களால் முடிந்தது. ஏடு 1697 வரை நடந்தது.

பிறகு 1849இல் அதே இலண்டனில் வில்லியம் தாம்ஸ் என்பார் நோட்ஸ் அண்டு குவெரீஸ் என்ற வார இதழைத் தொடங்கினார். இங்கே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. விடை சொல்லும் பீடத்தில் ஆசிரியர் அமரவில்லை. ஒரு வாசகர் கேட்டார். மற்றொரு வாசகர் விடையளித்தார். அது பிழையாயின் மூன்றாமவர் திருத்தினார். ஒருவரையொருவர் முகம் பாராத மனிதர்கள் ஒரு பழஞ்சொல்லின் வேரையோ, ஒரு கல்லறை வாசகத்தின் பொருளையோ இதழுக்கு இதழ் கூடித் தேடினார்கள். அந்த இதழ் இன்றும் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவருகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நிகராக எனக்குத் தோன்றுவது அச்சில் நிகழ்ந்ததன்று, நேர்முகமாக நிகழ்ந்தது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி ஐயரை ஏடுகளின்பால் திருப்பியது. அதன்பின் ஐயர் செய்ததுதான் அதனினும் பெரிது. சிந்தாமணி சமண நூல். அதன் வழக்குகள் சமணருக்கே தெரியும். சைவச் சூழலில் வளர்ந்த அந்தணராகிய அவர் அவ்வூர்ச் சமணர் வீட்டுக்குச் சென்று அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். 1887இல் நூல் அச்சாயிற்று. தெரிந்தவரிடம் சென்று தெரியாததைக் கேட்க அவருடைய புலமை தடையாக இருக்கவில்லை. புலமை மிகுந்த சிலரிடம் இன்று நான் அதிகம் தேடுவது அந்தக் குணத்தைத்தான்.

இவ்வளவும் ஏட்டறிவு. வினா-விடைப் பக்கத்தின் மதிப்பை நான் கற்றுக்கொண்டது என் தாயாரிடம்.

எங்கள் ஊர் அன்று தஞ்சை மாவட்டத்திலும் இன்று திருவாரூர் மாவட்டத்திலும் அடங்கிய ஒரு சிற்றூர். ஆற்றுப் பாசனம், நெல், பள்ளிவாசல், அதன் பின்னே குளம். அத்தா பினாங்கில் கடை வைத்திருந்தார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை வருவார்கள். அம்மாவின் தகப்பனார் 1981இல் மௌத்தானார்கள். அவர்கள் விட்டுச் சென்றது 8 ஏக்கர் நன்செய். வாரிசுகள் பாட்டியாரும், இரு மாமன்மாரும், அம்மாவும்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்த சில நாட்களில் பெரிய மாமா அம்மாவிடம், 'உனக்குப் போட்ட நகையிலேயே உன் பங்கு தீர்ந்து போச்சு தங்கச்சி. அத்தாவும் அப்படித்தான் நெனச்சிருந்தாக' என்று சொல்லிவிட்டார். கடுமையாகச் சொல்லவில்லை. அன்போடுதான் சொன்னார். அதனால்தான் அம்மாவுக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. சின்ன மாமா இன்னொன்றைச் சேர்த்தார்: வயலில் பெண்பிள்ளைகளுக்குப் பங்கு கிடையாது, சர்க்கார் சட்டமே அப்படித்தான் என்றார்.

யாரிடம் கேட்பது? பெரிய மாமா ஜமாஅத்தின் செயலாளர். இமாமுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவரே. அந்த நல்ல மனிதரை இக்கட்டில் நிறுத்த அம்மாவுக்கு மனமில்லை. பினாங்குக்கு எழுதினால் அத்தா கோபத்தில் ஏதாவது எழுதுவார்கள். இரண்டு குடும்பமும் இரண்டாகும். அடுத்த வீட்டில் சொன்னால் அஸர் தொழுகைக்குள் ஊர் முழுவதும் பேசும். ஏட்டுக்கு எழுதலாம், ஆனால் எங்கள் தபால்காரர் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் வல்லவர், உறையின் மேல் எந்த முகவரி இருந்தது என்பதை மறக்கவும் மாட்டார். மார்க்கம் கேட்கச் சொல்கிறது, ஊர் கேட்கவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை பெண்கள் வாய்மூடி வாழ்ந்து முடித்திருக்கிறார்கள் என்பதை நம் சமுதாய வரலாற்றை எழுதுவோர் எவரும் கணக்கிட்டதில்லை. அன்ஸாரிப் பெண்கள் மார்க்க விளக்கம் பெறுவதற்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். அந்தப் பெண்களுக்குக் கேட்பதற்கு ஓர் இடமும், கேட்டால் சினவாத ஒரு முகமும் இருந்தன என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுக்கு அந்நாளைய மாத ஏடு ஒன்று வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். எனினும் அடுப்படியில் வேலை செய்துகொண்டே நான் வாசிக்கக் கேட்பதுதான் வழக்கம். எனக்கு அப்போது 12 வயது. 1982இன் தொடக்கத்தில் ஓர் இதழில் வினா-விடைப் பகுதியை வாசித்துக்கொண்டு போகையில் நான்காவதோ ஐந்தாவதோ இப்படி இருந்தது: திருமணத்தின்போது தந்தை அணிவித்த நகையைக் கழித்துக்கொண்டு, வாரிசுரிமையில் உனக்குப் பங்கில்லை என்று சகோதரர்கள் கூறுவது முறையா? நன்செய் நிலத்தில் பெண்மக்களுக்குப் பங்கு உண்டா? கீழே, 'பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி, தஞ்சை மாவட்டம்' என்றிருந்தது.

அரிவாள்மணையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றது. 'திரும்பப் படி' என்றார்கள். படித்தேன். 'பதிலைப் படி' என்றார்கள்.

பதில் எழுதிய ஆலிம் பெருந்தகை தெளிவாக எழுதியிருந்தார். ஒருவர் உயிரோடிருக்கும்போது மனமுவந்து கையில் ஒப்படைத்தது அன்பளிப்பு. அது கொடுத்த அன்றே வாங்கியவரின் உடைமையாகிவிட்டது. வாரிசுப் பங்கோ அவர் இறந்த நொடியில்தான் பிறக்கிறது. பிறவாத ஒன்றை முன்கூட்டியே கழிப்பது எங்ஙனம்? இறைமறையின் அந்நிஸா அத்தியாயம் பங்குகளை வகுக்கும்போது வீடு, நிலம், ரொக்கம் என்று பிரித்து எதையும் பெண்ணுக்கு விலக்கவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு இறுதியில் அவர் வருந்தியிருந்தார்: 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருப்பதால் நீதிமன்றம் துணை செய்யாது, சகோதரர்கள் இறைவனுக்கு அஞ்சி நடக்க வேண்டும்.

முதற்பகுதியைக் கேட்டு மலர்ந்த அம்மாவின் முகம் பிற்பகுதியில் வாடியது. சின்ன மாமா சொன்னது சரியாகத்தானே இருக்கிறது! அந்த மாதம் முழுவதும் அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த மாத இதழில், வாசகர் கடிதப் பகுதியில், திருச்சியிலிருந்து வழக்கறிஞர் ஒருவர் எழுதியிருந்தார். சென்ற இதழின் விடையில் மார்க்கம் பற்றியது சரி. சட்டம் பற்றியது முழுமையன்று. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருந்தது உண்மையே. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே நம் மாநிலத்தில் நன்செய்க்கும் ஷரீஅத்தின் பங்குமுறையே செல்லும். கடிதத்தின் கீழ் ஆசிரியர் ஒரு வரி சேர்த்திருந்தார்: திருத்தத்துக்கு நன்றி; முன் இதழின் அப்பகுதியை வாசகர் இவ்வாறே திருத்திக்கொள்க.

இந்த ஒரு வரியை நான் பெரிதாக எண்ணுகிறேன். பிழையான விடை என்ன செய்யும் என்பதற்கு நம் மார்க்க வரலாற்றிலேயே நெஞ்சை உலுக்கும் சான்று உண்டு. பயணத்தில் ஒருவர் தலையில் கல்பட்டுக் காயமடைந்தார். பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அதற்கு அனுமதியில்லை என்றார்கள். குளித்தார், இறந்தார். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கொண்ட சினம் சிறிதன்று. தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றும், அறியாமை என்னும் பிணிக்குக் கேட்பதே மருந்து என்றும் கருத்துப்படக் கடிந்துரைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் நெடுந்தொலைவிலிருந்து கட்டுக்கட்டாக வினாக்களைச் சுமந்து வந்தவருக்கு, அவற்றுள் பலவற்றுக்குத் தெரியாது என்ற சொல்லே விடையாகக் கிடைத்தது என்பதும் நாம் கேட்டறிந்த வரலாறு. விடை சொல்லும் ஆசை கல்வியைவிட விரைவாக வளரும். தனியறையில் ஒருவர் ஒருவருக்குச் சொன்ன பிழை அந்த ஒருவரோடு வாழ்நாள் முழுவதும் போகும். பலர் பார்க்கச் சொன்ன பிழையைத் திருத்த எங்கோ ஒருவர் இருப்பார். அந்த வழக்கறிஞர் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. அம்மாவின் பெயரைக் கேட்டதில்லை.

கடிதத்தைக் கேட்டதும் அம்மா எழுந்து சென்று பானையிலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளி வந்தார்கள். எண்ணி நாற்பதை முற்றத்தில் வைத்தார்கள். ஒரு கொட்டை 20 செண்டு. எட்டில் ஒன்றாகிய 5 கொட்டை பாட்டியாருக்கு. மிச்சம் 35. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. பெரிய மாமாவுக்கு 14, சின்ன மாமாவுக்கு 14. அவர்கள் முன் 7 கொட்டைகள் நின்றன. ஒரு ஏக்கர் நாற்பது செண்டு. பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கில் திணறிக்கொண்டிருந்த எனக்கு அது கணக்கு என்றே அப்போது தோன்றவில்லை.

மறுநாள் இரண்டு இதழ்களையும், பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் செருகி, என் கையில் கொடுத்துப் பெரிய மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயால் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. பத்து நாள் கழித்து இதழ்கள் திரும்பி வந்தன; அவற்றோடும் சொல் எதுவும் வரவில்லை. அந்த அறுவடையில், முன்னறிவிப்பு இல்லாமல், பெரிய மாமாவின் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்று நெல் மூட்டைகளை இறக்கியது. 1985இல் பத்திரம் பதிவாயிற்று. சின்ன மாமா பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டுவிட்டு எங்களோடு தேநீர் அருந்தாமல் போய்விட்டார். என் தங்கையின் நிக்காஹுக்கும் வரவில்லை. பிற்காலத்தில் வந்தார், பேசினார். அது வேறு கதை.

அந்த நிலத்தில் பெரும் வருவாய் ஏதும் வந்துவிடவில்லை. தண்ணீர் வராத ஆண்டுகளில் கையிலிருந்தும் போயிற்று. ஆனால் அம்மா பேசும் முறை மாறிற்று. ஜமாஅத்துக்குச் சந்தா கேட்டு வருபவர்களிடம் கணக்கு எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாலையில் வந்து அமர்ந்து, தம் வீட்டுச் செய்தி என்று சொல்லாமல் 'ஒரு எடத்துல இப்படியாம்' என்று தொடங்கிக் கேட்பார்கள். அம்மாவும் எந்த இடம் என்று கேட்காமல் பதில் சொல்வார்கள். தெரியாவிட்டால், 'படிக்கச் சொல்லிப் பார்க்கிறேன்' என்பார்கள். பழைய இதழ்களைப் புரட்டித் தேடுவது என் வேலையாயிற்று. உலக்கையும் முறமும் கிடந்த அந்தத் திண்ணையில் நடந்ததற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

ஒன்று மட்டும் அம்மாவை விடாமல் உறுத்தியது. நெல் வந்து இறங்கிய அன்று இரவு சொன்னார்கள்: 'எழுதுன புள்ள யாரோ, அதுக்குக் கெடச்சுதோ என்னமோ.' பிறகும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். எழுதியவளுக்கு அண்ணன்மார் கொடுத்தார்களா, அடித்தார்களா, அவள் அந்த இதழைப் பார்த்தாளா என்பதுகூட நமக்குத் தெரியாது. தனக்காகக் கேட்டவளுக்குக் கிடைக்காமல், கேளாதவளுக்குக் கிடைத்துவிட்டதோ என்ற எண்ணம் அம்மாவுக்குக் கடன் போல இருந்தது. ஒவ்வொரு ரமழானிலும் அந்தப் பெயர் தெரியாதவளுக்காகத் துஆச் செய்வார்கள்.

1994இல் சென்னைக்குச் சென்றிருந்தபோது அந்த ஏட்டின் ஆசிரியரைத் தேடிப் போனேன். ஏடு நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதியவர், கண் மங்கியிருந்தது, பழைய இதழ்களின் கட்டடத் தொகுதிகள் மட்டும் சுவரோரம் அடுக்கியிருந்தன. செய்தியைச் சொல்லி, தஞ்சை மாவட்டத்திலிருந்து எழுதிய அந்தச் சகோதரி எந்த ஊர் என்று மட்டும் சொல்ல இயலுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

'அச்சுக் கோத்து முடிந்ததும் கடிதத்தைக் கிழித்து விடுவோம், தம்பி. அச்சகத்தில் நாலு பேர் வருவார்கள், போவார்கள். கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டால் அந்தப் பெண்ணின் கதி என்னாவது? அந்த வேலையை நான் வேறு யாரிடமும் விட்டதில்லை.'

பிறகு சற்று யோசித்துவிட்டு, 'நகை, பங்கு என்கிறீர்களே, அந்தக் கேள்வி எந்த மாதம் வராமல் இருந்தது? நாலைந்து ஊரிலிருந்து வரும். ஒன்றைத்தான் போட முடியும். மற்றவற்றையும் சேர்த்துத்தான் கிழிப்போம்' என்றார்.